பன்னிரண்டு மாதமும் மலைக்குத் தயாராக: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு இப்படி ஒரு செய்தி வந்துவிடும். "அக்கா, தைப் பௌர்ணமிக்குப் பர்வதமலை போறோம். இன்னும் மூணு வாரம் இருக்கு. என்ன பயிற்சி பண்ணலாம்?" பர்வதமலை என்பது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் சிவன் மலை. கேட்பவர்கள் பெரும்பாலும் என்னோடு வேலை பார்க்கும் தம்பி, தங்கைகள். நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்கள். மூன்று வாரத்தில் புது ஷூவைக் காலுக்குப் பழக்கலாம். மூச்சு கொஞ்சம் தேறும். ஆனால் மூட்டைப் பிடித்து நிற்கும் தசைநாண்கள் மூன்று வாரத்தில் உறுதிப்படுவதில்லை. அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். அவசரமாகத் தயாராகிப் போகிறவர்களுக்கு அங்கேதான் அடிபடுகிறது.

அதனால் இதை ஆடியிலோ ஆவணியிலோ படித்தால் நல்லது. மார்கழியில் படித்தாலும் பரவாயில்லை, மலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள். நான் இருப்பது வேலூரில். எங்கள் ஊர் வெயிலையும் ஐப்பசி மழையையும் சுற்றியிருக்கும் மலைகளையும் வைத்தே எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி மாதங்களை மாற்றிக்கொள்ளலாம். மாற்றக்கூடாத விஷயம் ஒன்றுதான்: எந்த மாதத்திலும் பயிற்சியை முழுசாக நிறுத்திவிடாதீர்கள். குறைக்கலாம், மாற்றலாம், வீட்டுக்குள் கொண்டுவரலாம். நிறுத்தினால் மறுபடியும் முதல் படியிலிருந்து ஏறவேண்டி வரும்.

முதலில் ரத்தப் பரிசோதனை

நான் நடக்கத் தொடங்கிய முதல் மூன்று மாதம் எந்த முன்னேற்றமும் தெரியவில்லை. இரண்டாவது மாடி ஏறினாலே நெஞ்சு படபடக்கும், கண்ணுக்குள் பூச்சி பறக்கும். சோம்பேறித்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டு இன்னும் வேகமாக நடந்தேன். வேறு காரணத்துக்காக ரத்தம் கொடுத்தபோது ஹீமோகுளோபின் 9.2 என்று வந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகை. ரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து போக ஆளில்லாதபோது காலைப் பழித்து என்ன பயன்?

இது என் ஒருத்தியின் கதை இல்லை. 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் பெண்கள் ஷூ வாங்கும் முன் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். குறைவாக இருந்தால் டாக்டர் சொல்லும் மாத்திரையை அவர் சொன்ன காலம் வரை போடுங்கள். சாப்பாட்டோடு டீ, காபி குடிக்கும் பழக்கத்தை விடுங்கள், உணவில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர விடாமல் அவை தடுக்கும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது.

ஆணோ பெண்ணோ, நாற்பதைத் தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அவர்கள், இதய டாக்டர் ஒருவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும். கோவை வெள்ளியங்கிரி மலையில் ஏறும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தவர்களைப் பற்றிய செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். ஏறும்போது நெஞ்சு அழுத்தினாலோ, தாடைக்கோ இடது தோளுக்கோ வலி பரவினாலோ, தலை சுற்றினாலோ அந்த இடத்திலேயே உட்காருங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்ற பேச்சே கூடாது.

முதல் எட்டு வாரம்: மெதுவாகப் போகக் கற்றுக்கொள்வது

வாரத்துக்கு நாலு நாள், 30 நிமிஷ நடை. இதில் தொடங்குங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு நாளை மட்டும் நீட்டுங்கள்: 40, 50, 60 நிமிஷம் என்று. ஓட விரும்புகிறவர்கள் நாலாவது வாரத்திலிருந்து ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று மாற்றி மாற்றிப் போகலாம். நாலு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் அளவைப் பாதியாக்குங்கள். அந்த இளைப்பாறலில்தான் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

வேகம் எவ்வளவு? கைக்கடிகாரம் காட்டும் நாடித் துடிப்பெல்லாம் பிறகு பார்க்கலாம். நான் சொல்லும் சோதனை இது: நடந்துகொண்டே அம்மாவுக்கு போன் போடுங்கள். சாதாரணமாகப் பேச முடிந்தால் சரியான வேகம். "இன்னாடி இப்படி மூச்சு வாங்குது, எங்க ஓடற?" என்று அம்மா கேட்டால் வேகம் அதிகம். புதியவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் இங்கேதான் தவறுகிறார்கள். வியர்த்துக் கொட்டி மூச்சு முட்டினால்தான் பயிற்சி என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே முன்எலும்பு வலிக்கும், இரண்டாவது வாரம் பயிற்சியே நின்றுவிடும்.

மெதுவான நடையும் ஓட்டமும் உள்ளே நிறைய வேலை செய்கின்றன. இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் கூடுகிறது. சதைக்குள் மெல்லிய ரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. கொழுப்பை எரித்து நெடுநேரம் போகும் வழக்கம் உடம்புக்கு வருகிறது. ஆறு மணி நேரம் மலையில் இருக்கப் போகிறவருக்கு இதுதான் மூலதனம். முதல் வருஷம் முழுக்க உங்கள் பயிற்சியில் ஐந்தில் நாலு பங்கு இந்த வேகத்தில்தான் இருக்க வேண்டும்.

ஷூவைப் பற்றி இரண்டு வரி போதும். மாலையில் போய் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். இறக்கத்தில் விரல்கள் முன்னால் போய் முட்டும், இடமில்லையென்றால் நகம் கருத்துவிடும்.

படிதான் நமக்கு மலை

எல்லோருக்கும் பக்கத்தில் மலை இருக்காது. படி இருக்கும். ஒரு மாடி சுமார் 3 மீட்டர் உயரம். மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடிக்கு ஒருமுறை போனால் 9 மீட்டர், பத்து முறை போனால் 90 மீட்டர். இந்தக் கணக்கை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

எங்கள் பக்கம் கணக்குக்குச் சோளிங்கர்தான் அளவுகோல். யோக நரசிம்மர் இருக்கும் பெரிய மலைக்கு 1,305 படி, கிட்டத்தட்ட 220 மீட்டர் ஏற்றம். உங்கள் மூன்று மாடிக் கட்டடத்தில் இருபத்தைந்து முறை ஏறி இறங்கினால் ஒரு சோளிங்கர். பர்வதமலை என்பது இப்படிப்பட்ட மலைகளில் நாலைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல. கூடவே பாறையும் சங்கிலியும், பிடித்து ஏறக் கடப்பாறைகளைப் பாறையில் அடித்து வைத்திருக்கும் கடப்பாறைப் பாதையும் உண்டு. உச்சி கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு அடிக்கு மேல். இப்போது சோளிங்கருக்கு ரோப் கார் வந்துவிட்டது, முடியாத பெரியவர்களுக்கு அது பெரிய உதவி. பயிற்சிக்குப் போகிறவர்கள் படியில் போங்கள். குரங்குகள் பையைப் பிடுங்கும், கையில் எதையும் ஆட்டிக்கொண்டு போகாதீர்கள்.

தொடக்கத்தில் வாரம் ஒரு நாள், மூன்று மாடி ஐந்து முறை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ கூட்டுங்கள். முழுப் பாதத்தையும் படியில் வைத்து ஏறுங்கள். நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் சீக்கிரம் இறுகிவிடும். பத்து முறை சிரமமில்லாமல் வந்த பிறகு முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குப் போகும் நாளில் அந்தச் சுமை எப்படியும் இருக்கும், இப்போதே பழகட்டும்.

இறங்குவதற்குத் தனிப் பயிற்சி

நான் முதல்முறை பர்வதமலை போனபோது ஏறியதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. மூன்று மாதம் ஓடியிருந்தேன், மூச்சு நன்றாக இருந்தது. கடப்பாறைப் பாதையைத் தாண்டி, கோயிலில் கும்பிட்டு, விடிந்ததும் இறங்கத் தொடங்கினேன். பாதி தூரத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. நின்றால் நடுக்கம், நடந்தால் மடங்குகிறது. ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தலையில் மோர்ப்பானையோடு மேலே போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா, அறுபது வயதாவது இருக்கும், என்னைப் பார்த்து நின்றார்.

"நேரா எறங்காத கண்ணு. கோணக்கோணையா எறங்கு. முட்டிய வெறச்சு வெக்காத, கொஞ்சம் மடிச்சே வெச்சிக்கோ. சின்னச் சின்னதா கால வை."

சுமையை இறக்காமலே, பாறையில் காலை எப்படி வைப்பது என்று நாலு அடி திரும்பி இறங்கிக் காட்டினார். பாதத்தைச் சற்றுத் திருப்பி, முழங்காலை வில் போல வளைத்து, சத்தமே வராமல். பிறகு ஏறிப் போய்விட்டார். அன்றைக்கு நான் முழுசாகக் கீழே வந்தது அந்த நாலு அடியால்தான். மறுநாளைவிட அதற்கடுத்த நாள் வலி அதிகம். சுவரைப் பிடித்துத்தான் உட்கார்ந்தேன், எழுந்தேன்.

ஏன் இப்படி? ஏறும்போது தொடைச் சதை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே சதை, எடையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது, பிரேக் போட்டுக்கொண்டு வண்டி இறங்குவது மாதிரி. நீளும்போது வேலை செய்யும் சதையில்தான் நுண்ணிய கிழிசல்கள் அதிகம் ஏற்படும். தட்டையான சாலையில் எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் இதற்குப் பழக்கம் வராது. மாரத்தான் ஓடும் நண்பர்கள்கூட மலை இறக்கத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறுதலான விஷயம், சதை இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும். ஒருமுறை இறங்கி வலி கண்டு தேறிவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அந்த அளவு நோகாது. ஆக, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது இறக்கம் இருக்க வேண்டும். லிஃப்டில் ஏறிப் படியில் மட்டும் இறங்கலாம். முதல் நாள் பத்து மாடி போதும். பிறகு இருபது, முப்பது. கைப்பிடிச் சுவர் பக்கமாகவே இறங்குங்கள். பாதம் படியில் படும்போது "தட்" என்று சத்தம் வந்தால் வேகம் அதிகம் அல்லது முழங்கால் விறைத்திருக்கிறது. சத்தமில்லாமல் இறங்குவதுதான் இலக்கு. மலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பெரிய இறக்கம் செய்துவிட்டு, கடைசி வாரம் கால்களைத் தேறவிடுங்கள்.

மூங்கில் கம்போ மலையேற்றக் கோலோ கையில் இருந்தால் மூட்டுக்குப் போகும் சுமை குறையும். வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்கள் அடிவாரத்தில் கம்பு வாங்கிக்கொண்டு ஏறும் வழக்கம் அனுபவத்தில் வந்தது.

வீட்டுக்குள் இருபது நிமிஷம்

வாரம் இரண்டு நாள். ஜிம் வேண்டாம், கட்டாயமும் இல்லை. நம் ஊர்ப் பயிற்சிகளே போதும்.

பஸ்கி 12 முறை, மூன்று சுற்று. உட்காரும்போது மெதுவாக, மூன்று எண்ணி இறங்கி, எழும்போது சற்று வேகமாக. சுற்றுக்கு நடுவில் ஒரு நிமிஷம் ஓய்வு. பிறகு கடைசிப் படியில் ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும் வரை மெதுவாக இறக்கி மறுபடி எழுவது, காலுக்கு 8 முறை. மலைக்கு இதைவிட நேரடியான பயிற்சி எனக்குத் தெரியாது. படி விளிம்பில் நுனிக்காலை வைத்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது 15 முறை, குதிகால் வலிக்கும் கெண்டைக்கால் பிடிப்புக்கும் நல்லது. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது 12 முறை. முடிந்த அளவு தண்டால். முடியாதவர்கள் சுவரில் கை வைத்துச் செய்யலாம். முழங்கையை ஊன்றிப் பலகை போல விறைப்பாக இருப்பது 30 விநாடி.

தோப்புக்கரணம் போடுகிறவர்கள் அதையே முழுசாக உட்கார்ந்து போட்டால் பஸ்கிக்கு ஈடு. முழங்கால் ஏற்கனவே வலிக்கிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்குங்கள்.

மாதக் கணக்கு

ஆடி முதல் புரட்டாசி வரை அடித்தளம் போடும் காலம். எங்கள் ஊரில் சாயங்காலம் இடியோடு மழை வரும், காலை நேரம் இதமாக இருக்கும். மேலே சொன்ன எட்டு வாரம் இங்கே தொடங்கினால் பொருத்தம். அளவு மெல்ல ஏறட்டும், வேகத்தைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழை. தண்ணீர் தேங்கிய தெருவில் ஓடாதீர்கள். கீழே திறந்த சாக்கடை இருக்கலாம், மின்கம்பி அறுந்து கிடக்கலாம், எலிக் காய்ச்சல் கிருமி அந்தத் தண்ணீரிலிருந்து காலில் உள்ள சிறு புண் வழியாகவே உள்ளே போகும். இந்த இரண்டு மாதம் படியேற்றத்துக்கும் பஸ்கிக்கும் உரியது. மழை விட்ட நாளில் மட்டும் வெளியே. பலரும் விட்டுவிடுவது இந்த மழையில்தான், தீபாவளிப் பலகாரமும் சேர்ந்துகொள்ளும். பலகாரம் சாப்பிடுங்கள், படியையும் ஏறுங்கள்.

மழைக்குப் பிறகு ஒரு நாள் திருவண்ணாமலை கிரிவலம் போய் வாருங்கள். 14 கிலோமீட்டர். தீபத்தன்றோ பௌர்ணமியிலோ போனால் கூட்டத்தில் வேகம் உங்கள் கையில் இருக்காது. சாதாரண நாளில் விடியற்காலை தொடங்குங்கள். மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்து, மறுநாள் வழக்கம்போல் வேலைக்குப் போக முடிந்தால் அடித்தளம் உறுதியாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு எந்தக் கருவியைவிடவும் இந்தச் சுற்றில்தான் நம்பிக்கை. வெறுங்காலோடு போகிறவர்கள் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாக வெறுங்காலில் நடந்து பழகியிருக்க வேண்டும், இல்லையென்றால் எட்டாவது கிலோமீட்டரில் பாதத்தில் கொப்புளம் வரும்.

மார்கழி, தை, மாசியின் முதல் பாதி நம் அறுவடைக் காலம். பனிக் காற்று, நீளமான காலை. சென்னை மாரத்தான் ஜனவரியில் நடப்பதற்கும் இதுதான் காரணம். இந்த நாட்களில் வாரம் ஒரு நீண்ட நடையோ ஓட்டமோ, ஒரு படி நாள், ஒரு வேகமான நாள். வேகமான நாள் என்றால் மூன்று நிமிஷம் வேகமாக, மூன்று நிமிஷம் மெதுவாக, ஐந்து முறை. ஏலகிரி, ஜவ்வாது, சோளிங்கர் எல்லாம் இப்போதுதான்.

காட்டுப் பாதைக்கு அனுமதி இல்லாமல் போகவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அத்தனை பேரும் நம்மைப் போல மலையை ஆசையோடு பார்க்கப் போனவர்கள். மாசி தொடங்கியதும் புல் காய்ந்து சருகாகிவிடும், காற்று திரும்பினால் மனிதர் ஓடி ஜெயிக்க முடியாது. 2024 அக்டோபரில் தொடங்கிய அரசின் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகளை இணையத்தில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகலாம். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். முதல்முறை எளிதில் தொடங்குங்கள். தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், அதை மனதில் வைத்துத் தேதி பாருங்கள்.

பங்குனி, சித்திரை, வைகாசி. வேலூரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 40 டிகிரியைத் தாண்டிய பிறகு வெளியே நெடுநேரம் ஓடுவது வீரம் இல்லை. இந்த மூன்று மாதத்தில் வைத்திருப்பதைக் காப்பாற்றினால் போதும். அதற்கு எவ்வளவு தேவை என்பதற்கு நல்ல ஆய்வே இருக்கிறது. அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்பவரும் கூட்டாளிகளும் 1980களின் தொடக்கத்தில் சிலருக்கு வாரம் ஆறு நாள் வீதம் பத்து வாரம் கடுமையான பயிற்சி கொடுத்தார்கள். பிறகு சிலருக்கு வாரம் நாலு நாளாகவும் சிலருக்கு இரண்டே நாளாகவும் குறைத்தார்கள். வேகத்தையும் ஒவ்வொரு நாள் நேரத்தையும் குறைக்கவில்லை. பதினைந்து வாரம் கழித்தும் அவர்கள் உடம்பு பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் இறங்கவில்லை. நாட்களைக் குறைக்காமல் வேகத்தைத் தளர்த்திப் பார்த்தபோதோ இறங்கியது.

எனவே கோடையில் என் கணக்கு: வாரம் இரண்டு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, அரை மணி நேரம், அதில் வேகமான பகுதியும் உண்டு. ஒரு நாள் வீட்டுக்குள் பஸ்கி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை படி இறக்கம். ஏழு மணிக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். மற்ற ஒன்பது மாதமும் வீணாகாமல் இருக்க இவ்வளவுதான் விலை.

வெயில் ஏறத் தொடங்கும் பங்குனியில் திடீரென்று கால் கனத்துப் போனதுபோல் இருக்கும். உடம்பு வெப்பத்துக்குப் பழக பத்து முதல் பதினாலு நாள் எடுக்கும். ரத்தத்தில் நீர் அளவு கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதில் உப்பு குறையும். அந்த இரண்டு வாரம் வேகத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலோ குளிர்ப் பிரதேசத்திலோ ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறவர்கள் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்.

கூட வருபவர் வெயிலில் உளறினாலோ, தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்பத் தாக்கம். வியர்த்துக்கொண்டிருந்தாலும் அதுதான். நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, கையில் இருக்கும் தண்ணீரை எல்லாம் உடம்பில் ஊற்றி விசிறுங்கள். 108க்கு அழையுங்கள். வண்டி வரும் வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது. நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தண்ணீர், உப்பு, சாப்பாடு

உங்கள் வியர்வையை நீங்களே அளக்கலாம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். நடுவில் எதுவும் குடிக்கவில்லை, 700 கிராம் குறைந்திருக்கிறது என்றால் ஒரு மணிக்கு உங்கள் வியர்வை ஏறக்குறைய 700 மில்லி. மார்கழியில் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை பார்த்தால் வித்தியாசம் புரியும்.

வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, வாந்தி, மயக்கம் வரை போகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும்போது உப்பு கலந்த பானம் ஒன்று வேண்டும். மருந்துக் கடை ஓஆர்எஸ் பாக்கெட் எளிது. பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அத்தனையில்தான் கரைக்க வேண்டும். வீட்டில் செய்வதானால் ஒரு லிட்டருக்குத் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. நீர்மோரும் நல்லது, ஆனால் முதுகுப்பையில் வெயிலில் நாலு மணி நேரம் தாங்காது.

ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டினால் மணிக்கு 30 கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். சின்ன பேரீச்சம்பழம் ஐந்து அந்த அளவு வரும். கடலை மிட்டாய் மலைக்கென்றே செய்தது போல, வெயிலில் உருகாது, நசுங்காது. பசித்த பிறகு சாப்பிடுவது தாமதம், முக்கால் மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. மதியத்துக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போவதைவிடச் சிறந்த யோசனை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. மாவுச்சத்தும் உப்பும் அதிலேயே இருக்கின்றன, கெட்டும் போகாது.

அன்றாடச் சாப்பாட்டில் பெரும்பாலோருக்குக் குறைவது புரதம். தட்டில் சோறு மலை, ஓரத்தில் ஒரு கரண்டி பருப்பு என்று இருப்பதை மாற்றுங்கள். முட்டை, மீன், சுண்டல், பச்சைப்பயறு, தயிர், வேர்க்கடலை, உங்களுக்கு எது வசதியோ அது.

நடுவில் விட்டுப்போனால்

விட்டுப்போகும். பிள்ளைகளுக்குப் பரீட்சை, வீட்டில் கல்யாணம், டெங்கு, சிக்குன்குனியா. ஒரு வாரம் விட்டதில் ஒன்றும் போகாது. இரண்டு வாரத்தில் மூச்சு முதலில் இறங்கும், சதை பலம் இன்னும் சில வாரம் தாங்கும். விட்ட வாரங்களின் எண்ணிக்கை அளவுக்குப் பாதி அளவில் பயிற்சி செய்து பழைய நிலைக்கு வாருங்கள். மூன்று வாரம் விட்டால் மூன்று வாரம் பாதி.

காய்ச்சலோடு ஓடவே கூடாது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையைத் தொடும், அந்த நேரத்தில் அதைச் சிரமப்படுத்துவது உயிரோடு விளையாடுவது. காய்ச்சல் விட்டு, பசி திரும்பி, படி ஏறினால் படபடப்பு இல்லை என்ற பிறகே தொடங்குங்கள். சிக்குன்குனியா வந்தவர்களுக்கு மூட்டு வலி மாதக்கணக்கில் இழுக்கலாம், அவர்களுக்கு நீச்சலும் சைக்கிளும் துணை.

வலிகளில், நடக்க நடக்கக் குறைவதைக் கவனித்துக்கொண்டு தொடரலாம். நடக்க நடக்க ஏறும் வலிக்கு நிறுத்த வேண்டும். எலும்பின் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுரீர் என்றால் டாக்டர்தான்.

மலைக்குப் போகும் நாள்

எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட ஒரு பழைய விதி உதவும். 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது. நம் அளவில் சொன்னால், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். அது நல்ல பயிற்சியுள்ளவர்களுக்கு. புதியவர்கள் வரும் விடையை இரண்டால் பெருக்குங்கள். இறங்க ஏறிய நேரத்தில் முக்கால் பங்கு வையுங்கள். பொழுது சாய இரண்டு மணி நேரம் மிச்சம் இருக்கும்படி கிளம்புங்கள். இரவில் ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு தலைவிளக்கு, கூடுதல் பேட்டரி. செல்போன் வெளிச்சத்தை நம்பி ஒரு கையைக் கட்டிப்போடாதீர்கள், சங்கிலிக்கு இரண்டு கையும் வேண்டும்.

முதல் அரை மணி நேரம் உங்களுக்கே கூச்சமாக இருக்கும் அளவு மெதுவாக ஏறுங்கள். எல்லோரும் முந்திப் போவார்கள், போகட்டும். இரண்டு மணி நேரம் கழித்து அவர்களை ஒவ்வொரு பாறையிலும் உட்கார்ந்திருக்கப் பார்ப்பீர்கள். குழுவில் மெதுவானவர் முன்னால், பலமானவர் கடைசியில். திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். அந்த நேரம் வந்தால் உச்சி கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தாலும் திரும்ப வேண்டும்.

இறங்கி வந்ததும் வண்டியில் ஏறி அப்படியே மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிடாதீர்கள். பத்து நிமிஷம் நடங்கள், சாப்பிடுங்கள், வழியில் ஒருமுறை நிறுத்தி இறங்கி நில்லுங்கள். அடுத்த இரண்டு நாள் அரை மணி நேர மெது நடை மட்டும். நாலாம் நாள் காலை, நோட்டில் அடுத்த வரியை எழுதிவிட்டு, மூன்று மாடி, ஐந்து முறை.